அந்நியன் கையில் கொடுக்கும் ஆயுதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், உரிமம் பெற்ற ஒரு வியாபாரியின் கடையில் துப்பாக்கி வாங்கப் போகிறவர், 4473 என்ற எண்ணுள்ள சர்க்கார் படிவத்தில் தம் பெயரையும் விலாசத்தையும் எழுதி, கடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரல்லர், நீதிக்கு அஞ்சித் தலைமறைவாயிருப்பவரல்லர், போதைப் பொருளுக்கு அடிமையானவரல்லர், மனநிலை காரணமாக நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு உள்ளானவரல்லர், வீட்டாரை அடித்துத் துன்புறுத்திய குற்றம் தம்மீது ருசுவானதில்லை என்றெல்லாம் வாக்குமூலம் செய்து கையொப்பமிட வேண்டும். வியாபாரி அவ்விவரங்களை, மேற்கு வர்ஜீனியா மாநிலத்துக் கிளார்க்ஸ்பர்க் நகரில் எஃப்.பி.ஐ. நடத்திவரும் நிலையத்துக்குத் தெரிவித்து, பெரும்பாலும் சில நிமிஷங்களிலேயே, கொடுக்கலாம் என்றோ, பொறுத்திருக்க வேண்டும் என்றோ, கொடுக்கலாகாது என்றோ விடை பெறுகிறார். அதே மனிதர் அதே துப்பாக்கியை, தம் சொந்த உடைமையை விற்க முன்வரும் அதே மாநிலத்துப் பிரஜை ஒருவரிடம், ஒரு துப்பாக்கிக் கண்காட்சியின் வாசலிலோ, நெடுஞ்சாலை உணவகத்தின் வண்டி நிறுத்துமிடத்திலோ ரொக்கம் கொடுத்து வாங்குவாரானால், நாடு முழுவதற்குமான சட்டம் அங்கே படிவம் எதையும் நீட்டுவதில்லை. வாங்குகிறவர் ஆயுதம் வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அவ்விதம் நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தோ விற்கலாகாது என்ற ஒரே விதியோடு அது நின்றுவிடுகிறது.

இந்தத் தனியார் விற்பனையையும் பின்னணிச் சோதனைக்கு உட்படுத்த வேண்டுமா என்ற விவாதம் அந்நாட்டில் ஒரு தலைமுறைக் காலமாக நடந்து வருகிறது. ஏறத்தாழ இருபது மாநிலங்கள் ஏதேனும் ஒரு விதத்தில் உட்படுத்தியிருக்கின்றன. காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை 2019-லும் 2021-லும் அதற்கான மசோதாவை நிறைவேற்றியும், செனட் சபையில் அது நிறைவேறவில்லை. உட்படுத்தத்தான் வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆயினும், இச்சட்டத்தால் நாளைக்குத் தம் நடத்தையை மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் துப்பாக்கி உரிமையாளர்களே என்பதும், அவர்கள் மனமுவந்து அனுஷ்டிக்காத சட்டம் காகிதத்தில் மட்டுமே வாழும் என்பதும், அவர்கள் எழுப்பும் ஆட்சேபங்களில் சில பதில் சொல்லத் தகுந்தவை, சில ஒப்புக்கொள்ளவே தகுந்தவை என்பதும், சீர்திருத்தம் வேண்டுவோர் போதிய அளவு சிந்திக்காத விஷயங்கள். பியூ ஆராய்ச்சி நிலையம் 2017-இல் எடுத்த கணிப்பில், தனியார் விற்பனைக்கும் கண்காட்சி விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்று துப்பாக்கி உரிமையாளர்களிலேயே நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் கூறினார்கள். கொள்கையை இவ்வளவு பேர் ஏற்றுக்கொண்டிருக்கும்போது, அதைச் சட்டமாக எழுதிக் காட்டியவுடன் அவர்களில் பலர் ஏன் பின்வாங்குகிறார்கள்?

இன்றைய ஏற்பாடு எவ்விதம் உருவாயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, பொய்ப் பெயரில், சிகாகோக் கடை ஒன்றிலிருந்து தபால் மூலம் வரவழைக்கப்பட்டது. கென்னடியின் சகோதரரும் மார்ட்டின் லூதர் கிங்கும் சுடப்பட்டிறந்த 1968-ஆம் ஆண்டில்தான், தபால் விற்பனையை ஒடுக்கி, இன்னின்னார் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று வகுத்த சட்டம் பிறந்தது. 1981-இல் ஜனாதிபதி ரீகனோடு சேர்ந்து சுடப்பட்டு வாழ்நாள் முழுவதும் ஊனமுற்ற பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் பெயரால் 1993-இல் நிறைவேறிய சட்டம் வியாபாரிகளின் விற்பனைக்குச் சோதனையை விதித்தது. 1998 முதல் அது உடனடிச் சோதனையாக நடைபெறுகிறது. 1968, 1993-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்கு இடையில் வந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டமே தனியார் விஷயத்தில் முக்கியமானது. எப்போதாவது ஓரிரு துப்பாக்கிகளைக் கைமாற்றிய சேகரிப்பாளர்களை, உரிமமின்றி வியாபாரம் செய்தார்களென்று அதிகாரிகள் வழக்கில் மாட்டிவைத்த கொடுமைகளைச் செனட் உபகுழு ஒன்று விசாரித்து வெளிப்படுத்திய பின்னர், தொழிலாக விற்பவரே வியாபாரி, தம் சேகரத்திலிருந்து விற்பவர் வியாபாரியல்லர் என்று அச்சட்டம் எல்லை வகுத்தது. துப்பாக்கி உரிமையாளர்களின் மத்தியப் பதிவேடு எதையும் சர்க்கார் ஏற்படுத்தலாகாது என்றும் விதித்தது. ஆகையால் தனியாருக்குள்ள இந்த விலக்கு, யாரோ கவனக்குறைவாக விட்டுவைத்த ஓட்டை என்று சொல்வது சரித்திரத்துக்குப் பொருந்தாது. அதிகார துஷ்பிரயோகத்துக்கு மாற்றாக, நன்கு ஆலோசித்தே கொடுக்கப்பட்டது அது.

ஆனால் அந்த விலக்கின் வழியே எவர் நுழைந்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 1999 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்ற இரு சிறுவர்களுக்கு நீண்ட துப்பாக்கிகள் மூன்று கிடைத்தது கண்காட்சி ஒன்றில். பதினெட்டு வயது நிரம்பிய தோழி ஒருத்தி, உரிமம் பெறாத தனியார் விற்பனையாளர்களிடம் அவற்றை வாங்கினாள். சோதனை என்று ஒன்று இருந்திருந்தால் தான் வாங்கியே இருக்கமாட்டேன் என்று அவள் பின்னர் கூறினாள். மறு ஆண்டு கொலராடோ வாக்காளர்களில் நூற்றுக்கு எழுபது பேர் கண்காட்சி விற்பனைக்குச் சோதனையை விதித்தார்கள். 2019 ஆகஸ்டில் டெக்ஸஸ் மாநிலத்து ஒடெஸ்ஸாவில் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றவன், 2014-இல் கடையில் வாங்க முயன்று சோதனையில் நிராகரிக்கப்பட்டவன். நிராகரித்த கடையைக் கடந்து சென்று, தனியார் ஒருவரிடம் வாங்கிக்கொண்டான். முந்தைய இரண்டு ஆண்டுகளில் துப்பாக்கி பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேர் சோதனையின்றிப் பெற்றதாக 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. பிள்ளைக்குத் தந்தை கொடுத்தது, நண்பருக்கு நண்பர் விற்றது யாவும் அதில் அடங்குமாதலால் அவ்வளவும் அபாயகரமானவை என்று நான் சொல்லவில்லை. கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இவ்விவாதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது, சட்டம் கேட்காமலிருக்கையிலேயே கண்ணியமான துப்பாக்கி உரிமையாளர் என்ன செய்கிறார் என்பதே. முன்பின் தெரியாத ஒருவருக்குத் தம் துப்பாக்கியை விற்க நேரும்போது, அத்தகையவர்களில் எத்தனையோ பேர் வாங்குகிறவரின் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொல்லி, அவர் அதே மாநிலத்தவர்தாம் என்று நிச்சயப்படுத்திக் கொள்கிறார்கள். மறைத்து ஏந்துவதற்கான மாநில உரிமம் கையிலிருக்கிறதா என்று கேட்டு, இருந்தால், சர்க்கார் ஏற்கெனவே ஒருமுறை இவரை விசாரித்திருக்கிறது என்று திருப்தியடைகிறார்கள். துப்பாக்கியின் வரிசை எண்ணைக் குறித்துக் கிரயச் சீட்டு எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்கிறார்கள். எதிராளி கையெழுத்திடத் தயங்கினால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தான் வளர்த்த உழவுமாட்டைச் சந்தையில் விற்க நேர்ந்த நம் குடியானவன், வாங்குகிறவன் அதை ஏரில் பூட்டுவானா அறுப்புக்கு அனுப்புவானா என்று அவன் முகத்தைப் பார்த்தே பேரம் பேசுவதைப் போன்றது இது. இவர்களை இவ்விதம் செய்யத் தூண்டுவது மனச்சாட்சி ஒன்றே. தாம் விற்ற ஆயுதம் நாளை ஒரு கொலையில் அகப்பட்டுத் தம் பெயரோடு திரும்பி வருமோ என்ற கவலை, உரிமையைப் பற்றி உரக்கப் பேசுகிறவரின் உள்ளத்திலும் இருக்கத்தான் இருக்கிறது.

இவ்வளவு சிரத்தையுள்ள அந்த மனிதருக்குச் சட்டம் என்ன உதவி செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை. கிளார்க்ஸ்பர்க் நிலையத்தை வியாபாரி அழைக்கலாம். தனியார் அழைக்க முடியாது. ஓட்டுநர் உரிமம் ஒருவருடைய முகத்தைக் காட்டுமே தவிர, சென்ற ஆண்டு அவர் மனைவி நீதிமன்றத்தில் பெற்ற பாதுகாப்பு உத்தரவைக் காட்டாது. சோதனை நடந்தே தீரவேண்டும் என்று விரும்பும் தனியார், இருபத்தைந்தோ ஐம்பதோ டாலர் கட்டணம் கொடுத்து, உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரின் கடைக்கு இருவருமாகச் சென்று, அவர் மூலம் கைமாற்றிக்கொள்ள வேண்டும். மொன்டானா போன்ற விசாலமான மாநிலங்களில் அந்தக் கடை எவ்வளவு தொலைவிலிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நன்மை செய்ய முற்படுகிறவனுக்கு வழியை அடைத்துவிட்டு, அவன் செய்யவில்லையே என்று குறைகூறுவது நியாயமாகாது.

இனி, ஆட்சேபங்களில் தலையாயதான பதிவேட்டு அச்சத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு கைமாற்றமும் வியாபாரியின் படிவத்தில் ஏறினால், எந்தத் துப்பாக்கி எந்த வீட்டில் இருக்கிறது என்ற பட்டியல் நாளடைவில் தானே உருவாகிவிடும், பட்டியல் உருவான இடத்தில் பறிமுதலும் ஒருநாள் வரும் என்பது அவர்கள் வாதம். நம் நாட்டில், மாவட்ட ஆட்சியரிடமோ போலீஸ் கமிஷனரிடமோ உரிமம் பெற்றாலன்றித் துப்பாக்கியைத் தொடமுடியாத வழக்கத்துக்குப் பழகிப்போன நமக்கு இந்த அச்சம் விபரீதமாகத் தோன்றலாம். ஆனால், இந்தியரை நிராயுதபாணிகளாக்கி ஐரோப்பியருக்கு விலக்களித்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை எதிர்த்து, 1887-இல் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸில் விபின் சந்திர பாலர் முழங்கியதை நினைவுகூர்வோமானால், ஆயுதங்களின் கணக்கைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் ராஜாங்கத்தைப் பிரஜைகள் சந்தேகிப்பது பைத்தியக்காரத்தனமல்ல என்பது நமக்கே விளங்கும். மேலும், 2013-இல் அமெரிக்க நீதித்துறையின் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் எழுதிய குறிப்பு, எல்லா விற்பனைக்குமான சோதனை நன்கு பயன்பட வேண்டுமானால் பதிவேடும் அவசியம் என்று கூறி, அவ்வச்சத்துக்கு ஊட்டமளித்தது.

இதற்கு எதிரிடையான நடைமுறையும் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட சோதனையில் வாங்குகிறவரின் விவரங்களை எஃப்.பி.ஐ. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்ற கட்டளை பல ஆண்டுகளாக அமலில் இருக்கிறது. படிவங்கள் தங்குவது வியாபாரியின் கடையில். ஒரு துப்பாக்கி குற்றத்தில் அகப்படும்போது, அந்த ஒன்றின் சுவடு மட்டும் உற்பத்திசாலையிலிருந்து கடைவரை தேடப்படுகிறது. இந்தத் தடுப்புகள் நீடிக்குமா என்பதே உரிமையாளரின் கேள்வியாகையால், அவற்றை மேலும் பலப்படுத்திக் கொடுப்பதே அதற்கு ஏற்ற பதிலாகும்.

குற்றவாளி கடைக்கோ கண்காட்சிக்கோ வந்து வாங்குவதில்லையே என்பது அடுத்த வாதம். சிறைக்கைதிகளிடம் 2016-இல் நீதித்துறை எடுத்த கணிப்பு இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது: குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் கண்காட்சியில் பெற்றவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, தெருவிலும் கள்ளச் சந்தையிலும் பெற்றவர் 43 பேர், உறவினர், நண்பர் வாயிலாகப் பெற்றவர் கால் பங்கினர். கணக்கு மெய்யே, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பொருந்தவில்லை. கள்ளச் சந்தைக்கென்று தனி உற்பத்திசாலை கிடையாது. அங்கே விற்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஒருகாலத்தில் ஒரு கடையில், ஒரு படிவத்தின்மேல், சட்டப்படி விற்கப்பட்டவையே; அங்கிருந்து கைக்குக் கை நழுவி, திருடப்பட்டும் விற்கப்பட்டும், கேட்பாரற்ற ஏதோ ஒரு கைமாற்றத்தில் அவை வெளிச்சத்திலிருந்து இருளுக்குச் சென்றன. அந்தக் கைமாற்றங்களில் சிலவற்றிலாவது ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதே கோரிக்கை.

இதே வாதத்தின் தொடர்ச்சியாக அவர்கள் கூறும் ஒரு குறையை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். 2017 நிதியாண்டில் எஃப்.பி.ஐ. சுமார் 1,12,000 விற்பனைகளை நிராகரித்தது. அவற்றில் ஏறத்தாழ 12,700 விசாரணைக்கு அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டின் நடுப்பகுதிவரை வழக்குத் தொடரப்பட்டவை பன்னிரண்டு என்று காங்கிரஸின் தணிக்கை அலுவலகமே அறிவித்தது. படிவத்தில் பொய் சொன்னவன் இவ்விதம் தப்பித்து, அடுத்த வாயிலைத் தேடிப் போகையில், மைத்துனனுக்கு வேட்டைத் துப்பாக்கி விற்றவர்மீது புதிய சட்டம் பாயப்போகிறது என்றால், அவருக்குக் கோபம் வராமலிருக்குமா?

சோதனை நிலையத்தின் ஏடுகளே குறையுள்ளவையாக இருந்ததால் நேர்ந்த பேரிழப்புகளில் ஒன்று நம்மவர் வீட்டையும் தொட்டது. கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்து, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நீரியல் பேராசிரியராகப் பெயர் பெற்ற ஜி.வி. லோகநாதன், 2007 ஏப்ரல் 16 அன்று வகுப்பு நடத்திக்கொண்டிருக்கையில் மாணவன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாண்டவர் 32 பேர். அந்த மாணவன் தனக்குத் தானே அபாயம் விளைவிக்கக் கூடியவன் என்று 2005-இல் நீதி அதிகாரி ஒருவர் தீர்ப்பளித்திருந்தும், மருத்துவமனையில் தங்கியல்லாமல் வெளியிலிருந்தே சிகிச்சை பெற உத்தரவானதால், மாநிலம் அதை மத்திய நிலையத்துக்கு அனுப்பவில்லை. இரண்டு துப்பாக்கிகளுக்கும் அவன் சோதனையில் தேறினான். பத்தாண்டுகள் கழித்து டெக்ஸஸின் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 உயிர்களைப் பறித்தவனுடைய ராணுவ நீதிமன்றத் தண்டனையை விமானப்படை தெரிவிக்காமல் விட்டிருந்தது. தனியாரைச் சோதனைக்கு வா என்று அழைக்கும் சர்க்கார், முதலில் தன் ஏடுகளைப் பூர்த்தி செய்து வைத்திருக்கக் கடமைப்பட்டது.

சட்டம் பயன் தந்ததா என்பதிலும் மறைக்காமல் பேசவேண்டும். 1991 முதல் எல்லா விற்பனைக்கும் சோதனையை விதித்த கலிபோர்னியாவில், அதனால் துப்பாக்கிக் கொலைகள் குறைந்ததாகத் தெரியவில்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கூறினார்கள். கைத்துப்பாக்கி வாங்குமுன் பெறவேண்டிய அனுமதிச் சீட்டை 2007-இல் ஒழித்துவிட்ட மிஸௌரியிலோ, கொலைகள் கூடியதாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2013, 2014-ஆம் ஆண்டுகளில் எல்லாத் தனியார் விற்பனைக்கும் சோதனையை விரிவுபடுத்திய பின்னரும், அங்கே நடைபெற்ற சோதனைகளின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்று மற்றோர் ஆய்வு காட்டிற்று. பலர் சட்டத்தைப் பொருட்படுத்தாமல் பழையபடியே விற்றார்கள் என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும். கொலராடோவில் அச்சட்டங்களுக்குத் துணைநின்ற மாநில செனட்டர்கள் இருவரை அவர்கள் தொகுதி வாக்காளர்களே திரும்ப அழைத்துப் பதவி நீக்கினார்கள். நியூ மெக்ஸிகோவில் 2019-இல் பல கவுண்டிகளின் ஷெரீஃபுகள் சட்டத்தை அமல்படுத்த மாட்டோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் இருவர் நடத்தும் வியாபாரத்தைக் காவல்காக்க எந்தப் போலீஸாலும் முடியாது. விற்பவரே காவலராக இருக்கச் சம்மதித்தாலன்றி இச்சட்டம் நடவாது.

அந்தச் சம்மதத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு, கைமாற்றம் என்பதற்குச் சட்டம் எழுதியோர் கொடுத்த அளவுகடந்த விரிவுக்கு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனையோடு நில்லாமல் இரவல் கொடுப்பதையும் பெரும்பாலும் கைமாற்றமாகக் கருதியதால், லிண்டன் என்ற சிற்றூரின் அருங்காட்சியகம், இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் துப்பாக்கிகளை, சட்டம் அமலாகுமுன், இரவல் கொடுத்த சேகரிப்பாளர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டது. இதைவிட வேதனையான ஒரு விளைவும் உண்டு. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்ட 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். மனம் உடைந்து கிடக்கும் நண்பனின் வீட்டுக்குச் சென்று, கொஞ்ச காலம் இதை நான் வைத்திருக்கிறேன் என்று அவன் துப்பாக்கியை எடுத்துப் போகிறவன் ஓர் உயிரைக் காக்கிறான். அவனை, படிவம் நிரப்பாமல் கைமாற்றிய குற்றவாளி என்று சட்டம் கருதுமோ என்று ஒரு கணம் தயங்க வைப்பதுகூடப் பெருந்தவறாகும். வேட்டைக்குப் போகும் அண்டை வீட்டானுக்கு இரவல் கொடுப்பதும், பேரனுக்குப் பாட்டனார் விட்டுச் செல்வதும், முன்பின் அறியாதவனுக்கு விளம்பரம் செய்து விற்பதும் ஒரே செயலல்ல. ஒரே ஷரத்துக்குள் மூன்றையும் அடைத்தபோதுதான், மூன்றாவதை ஒப்புக்கொள்ளத் தயாராயிருந்தவரும் எதிரணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்ட துயரம் ஆறாத 2013 ஏப்ரலில், இதை உணர்ந்து எழுதப்பட்ட ஒரு திருத்தம் செனட் சபைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த செனட்டர்களான மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின், பென்சில்வேனியாவின் பாட் டூமி ஆகிய இருவரும், துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைபிள் சங்கத்திடம் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள். கண்காட்சி விற்பனையையும் இணையத்திலும் பிரசுரங்களிலும் விளம்பரம் செய்த விற்பனையையும் மட்டும் சோதனைக்கு உட்படுத்தி, உற்றார் நண்பர்களை விட்டுவைத்து, மத்தியப் பதிவேடு ஏற்படுத்த முயலும் அதிகாரிக்குப் பதினைந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை என்றும் விதித்தது அவர்கள் திருத்தம். கண்காட்சியில் நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் உடனடிச் சோதனை நியாயமானதே என்று 1999-இல் காங்கிரஸ் குழுவின் முன் கூறிய வெய்ன் லபியேர் தலைமையிலிருந்த அதே சங்கம், இதை முழுமூச்சாக எதிர்த்தது. ஆதரவாக 54 வாக்குகள் விழுந்தன, வேண்டியிருந்தவை 60. ஓக்லஹோமாவின் டாம் கோபர்ன் அதை எதிர்த்து வாக்களித்தவர். ஆனால் அவர் வெறுங்கையோடு எதிர்க்கவில்லை. வாங்க விரும்புகிறவரே இணைய வழியாகத் தம்மைச் சோதனைக்கு உட்படுத்தி, தேறியதற்குச் சான்றாக முப்பது நாள் செல்லும் அனுமதிச் சீட்டை அச்சிட்டுக்கொண்டு விற்பவரிடம் காட்டலாம், துப்பாக்கியைப் பற்றிய குறிப்பு எங்கும் தங்கவேண்டியதில்லை என்பது அவருடைய யோசனை. கடைக்கு அலைவதும், கட்டணமும், பதிவேட்டு அச்சமும் அதில் ஒருசேர நீங்குகின்றன. தெரியாதவனுக்கு விற்க அஞ்சும் அந்தக் கண்ணியமான விற்பனையாளர் கேட்டது இதுவே. இரு தரப்பாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இவ்விரண்டையும் இணைத்திராதது அந்த ஆண்டின் பெரிய நஷ்டம் என்றே கருதுகிறேன்.

இணைக்க முடியும் என்பதற்கு மெய்ன் மாநிலமே அத்தாட்சி. வேட்டையைக் குலவழக்கமாகப் போற்றும் அந்த மாநிலத்து வாக்காளர்கள், எல்லாத் தனியார் கைமாற்றத்துக்கும் சோதனை வேண்டும் என்ற மசோதாவை 2016-இல், அண்டை வீட்டானுக்கு இரவல் கொடுப்பதும் குற்றமாகிவிடும் என்று அஞ்சி, சிறிய வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். 2023 அக்டோபர் 25 அன்று லூயிஸ்டன் நகரில் 18 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளியின் ஆயுதங்கள் சட்டப்படி வாங்கப்பட்டவையாகையால், தனியார் சோதனை அவனைத் தடுத்திராது என்பதை மெய்ன் மக்கள் அறிந்தே இருந்தார்கள். ஆயினும் மறு ஆண்டு அவர்கள் சட்டசபை, விளம்பரம் செய்த விற்பனைக்கும் கண்காட்சி விற்பனைக்கும் சோதனையை விதித்து, உறவினருக்குள்ளும் அறிமுகமானவருக்குள்ளும் விளம்பரமின்றி நடப்பதை விட்டுவைத்துச் சட்டம் இயற்றியது. அந்த எல்லைக்கோட்டை எடுத்துக்கொண்டு, கோபர்னின் அனுமதிச் சீட்டையும், மான்சின்–டூமி திருத்தத்தின் பதினைந்து ஆண்டுத் தண்டனையையும் அதனோடு சேர்த்து, பொய் வாக்குமூலம் செய்தவனை விசாரிக்கப் போதிய ஆட்களையும் ஒதுக்கி எழுதிய ஒரு மசோதாவை, கொள்கையளவில் ஏற்கெனவே சம்மதம் தெரிவித்திருக்கும் துப்பாக்கி உரிமையாளர்கள், தங்கள் சங்கங்களின் அனுமதிக்குக் காத்திராமல், தங்கள் செனட்டர்களிடம் தாங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.